ஒன்பது வருடம், ஒரு மாரிஸ் மைனர், ஒரு தடித்த கோப்பு

1959-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் 1000 கார் ஒன்று என்னிடம் ஒன்பது வருடமாக இருக்கிறது. முதல் மூன்று வருடம் ஸ்டாண்டுகள் மேல் நின்றது. அடுத்த ஆறு வருடத்தில் 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய காரைப் புதுப்பித்து, கூடவே கொஞ்சம் மாற்றியும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்காக.

ஏன் மைனர்? அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்த கார் இது. 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் வாஷரிலிருந்து மட்கார்டு வரை எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வாங்கியதும் நான் எடுக்க வேண்டியிருந்த முடிவு, இதைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்வதா, சாதாரண காராகவே வைத்துக்கொள்வதா என்பதுதான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 30 வயது ஆகியிருக்க வேண்டும், பழைய நிலை மாறாமல் இருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்கிறது. ஜெர்மனியின் ‘ஹெச்’ நம்பர் பிளேட்டுக்கும் 30 வயது. அந்தக் காலத்து மாற்றங்களை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். இந்தியாவில் 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் பாரம்பரியப் பதிவின் சலுகையும் வேண்டும், பெரிய இன்ஜினும் வேண்டும் என்றால் நடக்காது. எனக்கு தினமும் ஓட்ட வேண்டும், மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும். அதனால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டேன். இன்று வரை அதில் வருத்தம் இல்லை.

முதல் அடி பாடியில் விழுந்தது. மைனருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும், ஜாக்கி வைக்கும் குறுக்குச் சட்டமும் துருப்பிடித்துவிட்டால் கார் நடுவில் தளர்ந்துவிடும். டிங்கரிங் வேலையை ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. சோதனைக்குப் போனால் ஆய்வாளர் ஒரு சின்ன சுத்தியலால் சில்லைத் தட்டினார். சத்தம் மந்தமாக வந்தது. உள்ளே பழைய துருவை அப்படியே விட்டு, மேலே தகடு ஒட்டி, பட்டி அடித்து மூடியிருந்தார்கள். வெல்டிங்கும் அங்கங்கே பொட்டு வைத்தது மாதிரிதான். காரின் பாரத்தைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் விளிம்பு முழுக்க இடைவிடாமல் ஓடியிருக்க வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அன்று கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் பார்த்தபோது, விரலை வைத்தால் உள்ளே போகிற அளவு ஓட்டை. இந்த நிலையில் என் பிள்ளைகளை ஏற்றியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இரண்டாவது முறை ஒவ்வொரு கட்டத்தையும் பெயின்ட் அடிக்கும் முன்னால் போட்டோ எடுத்து வைத்தேன். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஆய்வாளர் சுத்தியலைக் கையில் எடுக்கவே இல்லை.

அப்புறம் இன்ஜின். என் காரில் வந்தது 948 சிசி, 37 குதிரைசக்தி. அது ‘ஏ-சீரிஸ்’ என்ற இன்ஜின் குடும்பம்; அதே குடும்பத்தில் 1275 சிசி இன்ஜினும் உண்டு. பெரிய வெட்டு வேலை இல்லாமலே உட்காரும். 1970-களின் கார் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டிவிட்டுத்தான் விண்ணப்பம் போட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான். இன்ஜின் நம்பர் பதிவுச் சான்றோடு பொருந்தவில்லை, எந்தக் காரிலிருந்து வந்தது என்ற தாள் கேட்டார்கள், என்னிடம் இல்லை. அதைத் தேடி வாங்க ஏழு மாதம். அது கைக்கு வந்த பிறகு, சக்தி கூடியிருப்பதால் பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. 948 மாடலில் நான்கு பக்கமும் 7 அங்குல டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து ஒரே பைப் சர்க்யூட். முன்னால் டிஸ்க் போட்டேன். சக்கரங்களை உருளைகள் மேல் சுழலவிட்டுப் பார்க்கும் ரோலர் சோதனையில் இடது பக்கம் அதிகமாகப் பிடித்தது. ஒரு ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. அதை மாற்றியதும் சரியானது.

இன்ஜின் பெரிதானதால் பழைய கியர்பாக்ஸ் தாங்காது என்று, 1098 சிசி மாடலில் வந்த, மேலே விலா எலும்பு மாதிரிக் கோடுகள் உள்ள கியர்பாக்ஸைப் போட்டேன். பின் ஆக்சிலின் கியர் விகிதத்தையும் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 4.55-இலிருந்து 4.22-க்கு மாற்றினேன். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறல் குறைந்தது, சுகமாக இருந்தது. ஆனால் ஸ்பீடோமீட்டருக்கான கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பின் ஆக்சில் விகிதம் மாறினால், கேபிள் அதே அளவு சுற்றும்போது கார் ஏறக்குறைய 8 சதவீதம் அதிக தூரம் போய்விடும். அதாவது முள் 60 காட்டும்போது உண்மையில் போவது 65-க்குக் கொஞ்சம் குறைவு. ஐ.நா. வாகன விதி 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. மீட்டரைத் திறந்து மறுபடி அளவு திருத்தித் தர ஆள் கிடைத்தார். ஆக்சில் மாற்றுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள்; தயவுசெய்து மறக்காதீர்கள்.

புகைச் சோதனையில் எனக்கு இன்ஜினின் வயதைத்தான் கணக்கில் எடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் வர வேண்டும். எஸ்.யூ. கார்ப்புரேட்டரின் அடியில் உள்ள நட்டைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று ஒரு சனிக்கிழமை முழுக்கத் திருப்பினேன். 3.2-இல் நின்றது.

மின்சாரப் பக்கம் சங்கிலிதான். ஹெட்லைட் மங்கல் என்று ஒப்புதல் முத்திரை உள்ள ஹாலஜன் போட்டால் டைனமோ போதவில்லை. ஆல்டர்னேட்டர் போட வேண்டும் என்றால் காரின் பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பதை) நெகட்டிவாக மாற்ற வேண்டும். அதை மாற்றினால் இக்னிஷன் காயிலின் வயர்களை இடம் மாற்றி, பெட்ரோல் பம்பையும் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டுக்குப் பின்தகடு வெல்டிங் செய்து 7/16 அங்குல போல்ட் போட்டேன்; அதில் ஒரு கேள்வியும் வரவில்லை.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது டிராஃபிகேட்டர் விஷயம். 1961 வரை மைனரில் இண்டிகேட்டராக இருந்தது கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் ஒரு சின்னக் கை. நுனியில் மினுக்கும் விளக்கு கிடையாது, கைக்குள்ளேயே ஒரு பல்பு. இன்றைய ஓட்டுநர்கள் அதைப் பார்க்கப் பழகவில்லை. மஞ்சள் மினுக்கு விளக்கு கட்டாயம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும் என்று ரிலே வைத்து வயரிங் செய்து காட்டியும், கையின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார்கள். அந்த ஒரு விதியை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. கூடுதல் சைகையால் யாருக்கும் ஆபத்து வந்துவிடாது.

ஆறு வருட ஓட்டத்தில் கார் என்னை நடுவழியில் விட்டது இரண்டே முறை: ஒருமுறை இக்னிஷன் பாயின்ட், ஒருமுறை ஃபேன் பெல்ட். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ்களை முதல் வருடமே மாற்றிவிட்டேன். முன் சக்கரத்தைக் கீழே தாங்கித் திரும்பவிடும் மரையுள்ள மூட்டான டிரன்னியனுக்கு மட்டும் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். அதன் மரை தேய்ந்துவிட்டால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். சோதனைத் தேதி வரும்வரை அதற்குக் காத்திருக்க முடியாது.

இப்போது மீதி இருப்பது ஒரே வேலை. பிரேக் இன்னும் ஒற்றை சர்க்யூட்தான். எங்காவது ஒரு பைப் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டரும் ஓட்டுநரின் காலடியில் தரைக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. பிரேக் ஆயில் அளவு பார்க்கவே தரை விரிப்பைத் தூக்க வேண்டும். இன்ஜின் பக்கச் சுவரில் இரட்டை சர்க்யூட் சிலிண்டர் வைக்க வரைபடத்தோடு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். சிலிண்டரும் பைப்களும் வாங்கி அலமாரியில் இருக்கின்றன. ஒப்புதல் தாள் கைக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன்.