களைக்கொத்து யார் கையில், பட்டா யார் பேரில்? ஒருதாரமும் பலதாரமும்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் எங்கள் தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தாளுக்குப் பத்து வருடமாகக் குழந்தை இல்லை என்று அவர் தங்கையையே இளையாளாகக் கட்டிவைத்தார்கள். அந்த இளையாள்தான் என் பாட்டி. 1940-களில் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. ராகிக் கொல்லையில் அக்காவும் தங்கையும் களைக்கொத்தோடு குனிந்து கிடப்பார்கள். பட்டா தாத்தா பேரில். அதனால் திருமண முறைகளை ஒப்பிடும்போதெல்லாம் நான் இரண்டு விஷயத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்: வேலை யார் கையில், சொத்து யார் பேரில்.

மனிதனுக்கு எது இயற்கை என்று உடம்பை வைத்துச் சொல்ல முடியாது. பல பெண்களோடு வாழும் ஆண் கொரில்லா, பெண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. ஜோடியாக வாழும் கிப்பன் குரங்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மனிதன் நடுவில் நிற்கிறான், கிப்பன் பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

வழக்கத்தைக் கணக்கெடுத்தால் பலதாரம்தான் முந்துகிறது. அமெரிக்க மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் தொடங்கிய உலகச் சமூகங்களின் தொகுப்பில் 1,231 சமூகங்கள் உண்டு. ஒருதாரம் மட்டும் என்று இருப்பவை 186. ஆண் பல மனைவிகளைக் கட்டலாம் என்பவை ஆயிரத்துக்கு மேல். ஆனால் அந்த ஆயிரத்திலும் பெரும்பாலான ஆண்களுக்கு ஒரே மனைவிதான். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகப் பிறக்கும் ஊரில் ஒருவன் மூன்று கட்டினால் இரண்டு பேருக்கு இல்லை. பலதாரம் ஊர் முழுக்க அனுமதி, வசதி உள்ள சிலருக்கே வாழ்க்கை.

எங்கே பலதாரம் வேரூன்றும் என்பதற்கு டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970-ல் தந்த விளக்கம் எங்கள் கொல்லைக்கு நெருக்கமானது. மண்ணைக் கொத்திப் பயிர் செய்யும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பயிர்வேலையின் பெரும்பங்கு பெண்களுடையது. நிலம் தாராளம், ஆள்தான் பற்றாக்குறை. இன்னொரு மனைவி வந்தால் இன்னும் கொஞ்சம் நிலம் விளையும். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுப்பார்கள். ஏர் வந்த இடத்தில் கணக்கு மாறுகிறது. ஏர் ஆண் கையில். நிலம் அளந்து வேலி போட்ட சொத்து. அதைப் பல தாரத்துப் பிள்ளைகளுக்குத் துண்டு போடாமல் காப்பதே கவலை. ஆகவே ஒரு மனைவி, அவளோடு வரும் வரதட்சணை.

எங்கள் பக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது என்பேன். உழவு தாத்தாவுடையது, களையும் அறுப்பும் பாட்டிகளுடையது. பாட்டிக்குப் பரிசம் போட்டுத்தான் அழைத்து வந்தார்கள். அம்மா காலத்தில் அது சுருங்கி, என் தலைமுறையில் பெண் வீட்டார் நகையும் வண்டியும் கொடுக்க வேண்டியதாயிற்று. பரிசம் போய் வரதட்சணை வந்ததை நாகரிகம் என்று என்னால் சொல்ல முடியாது. பெண்ணின் உழைப்புக்கு இருந்த மதிப்புதான் குறைந்தது.

பெண் பல கணவரோடு வாழும் முறை அபூர்வம். மர்டாக் தொகுப்பில் நான்கே சமூகங்கள். திபெத்தில் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்தால் நிலத்துக்குப் பாகப்பிரிவினை இல்லை. நம் நீலகிரித் தோடர்களிடமும் இது இருந்தது. கர்ப்பிணிக்குச் சடங்காக வில் கொடுத்தவனே பிள்ளைக்கு அப்பன்.

ஒருதாரத்துக்கு ஆதரவாக மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் குழுவினர் 2012-ல் வைத்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. கல்யாணமாகாத இளைஞர் கூட்டம் சிறுத்தால் ஊரில் அடிதடி குறையும். அடுத்த பெண்ணைத் தேடும் செலவும் நேரமும் பிள்ளைகளுக்குப் போகும். பெண் கிடைக்காத வேதனை தர்மபுரிக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அதற்குக் காரணம் பலதாரம் இல்லை. பெண் சிசுக்களை நாமே கொன்றோம். சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு இங்கேயும் வரவேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு மனைவி என்ற சட்டம் மட்டும் பெண்ணைக் காப்பாற்றாது என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி.

சரி, சட்டம். சென்னை மாகாணம் 1949-லும், இந்து திருமணச் சட்டம் 1955-லும் இரண்டாம் மணத்தைத் தடுத்தன. அதற்குப் பிறகும் இளையாள்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். என் பாட்டி கட்டி வந்தபோது அது ஊரும் சட்டமும் ஏற்ற கல்யாணம். இன்று முதல் மனைவி இருக்கும்போது கோயிலில் தாலி கட்டி அழைத்து வரப்படும் பெண், சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. அவள் பிள்ளைகளுக்கு வழி உண்டு. மூதாதையர் சொத்தில் அப்பனுக்குச் சேரும் பங்கில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் சொன்னது. அவளுக்கு அப்படி ஒரு பங்கு இல்லை.

இரண்டில் எது என்றால் தயங்காமல் ஒருதாரம் என்பேன். பாட்டியும் பெரிய பாட்டியும் கடைசி வரை சண்டை போட்டதில்லை. இருந்தாலும் பெரிய பாட்டி அடுப்படித் திண்ணையிலேயே தூங்கியது எனக்கு மறக்காது. ஆனால் ஒரு மனைவி என்று சொன்னால், அவள் களையெடுக்கும் நிலத்தின் பட்டாவில் அவள் பேரும் ஏற வேண்டும். எங்கள் கொல்லையில் இன்னும் ஏறவில்லை. இந்த ஆடிக்குள் என் மனைவி பேருக்கும் பங்கு எழுதிப் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகம் போகிறோம். பட்டாவில் பேர் ஏறுவது அதற்குப் பிறகு.