அச்சு விலகிய காலணாவும் மண்டபத்து உப்புக் காற்றும்: எட்டு ஆண்டு அனுபவம்

2017-ஆம் ஆண்டு தை அமாவாசைக் கூட்டம் கலைந்த வாரத்தில், இராமேசுவரத்தில் ஒரு சங்குக் கடையில் இந்தக் காலணாவை வாங்கினேன். அக்னி தீர்த்தத்தில் பக்தர்கள் வீசும் காசுகளை நீரில் நின்று மணல் அரித்துத் தேடுபவர்கள், கைக்கு அகப்படும் பழைய காசுகளை அந்தக் கடையில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வது வழக்கம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுப்பவர்களுக்கு இன்றைய எஃகுக் காசுகள்தான் ஒட்டும். காலணா செம்பு என்பதால், அரிப்பவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து, "இது அச்சுல கோணிப்போனது சார், வேற எங்கயும் பார்க்க முடியாது" என்று 3,000 ரூபாய் சொன்னார். பேசிப் பேசி 900 ரூபாய்க்கு முடிந்தது. அதே டப்பாவிலிருந்து சாதாரணக் காலணா இரண்டையும் கொசுறாகக் கேட்டு வாங்கினேன். அந்தக் கொசுறுகள் பின்னாளில் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

காசு ஆறாம் ஜார்ஜ் காலத்தது. 1940 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிகிறது. ரூபாயில் 64-இல் ஒரு பங்கான இந்தக் காசு, 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபின் மெல்ல வழக்கொழிந்தது. வெற்று வில்லை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தபோது அடி விழுந்ததால், அரசர் தலையும் எழுத்தும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, எதிர் ஓரத்தில் எதுவும் பதியாத ஒரு பிறை மிஞ்சியிருக்கிறது. அகலமான இடத்தில் அந்தப் பிறை 5 மில்லிமீட்டர்; அதாவது விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அச்சு விலகிய காசுகளில் பிறை பெரிதாக இருந்து ஆண்டும் தெரிந்தால்தான் மதிப்பு. நூலிழை அளவு விலகியவற்றைப் பிழைக் காசு என்று விற்பவர்களிடம் நின்று பேசுவது நேர விரயம்.

வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்தேன். தலைப் பக்கத்துப் பிறைக்கு நேர் பின்னால் பூப் பக்கத்திலும் பிறை இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் அது ஒற்றை அச்சு நகர்ந்த பிழை, அதற்கு விலை மிகவும் குறைவு. அடுத்து, அச்சடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்குள் அடங்காமல் அடிபட்ட உலோகம் பிதுங்கியிருக்கும் என்பதால் காசு முழு வட்டமாக இருக்காது. ஒழுங்கான காலணாவின் விட்டம் 25.4 மில்லிமீட்டர், இது ஒரு திசையில் 26.3 இருந்தது. கடைசியாக எடை. அச்சு விலகினால் உருவம் குறையுமே தவிர உலோகம் குறையாது. சட்டப்படியான எடை 4.86 கிராம், இது 4.71 காட்டியது. எழுபது ஆண்டு அரிப்புக்கு அந்தக் குறை நியாயமானதே என்று முடிவு செய்தேன்.

அரிப்பைப் பற்றி மட்டும் நான் சரியாக யோசிக்கவில்லை. காசு முழுவதும் கரும்பச்சையாக, கெட்டியாக, தடவினால் கையில் ஒட்டாததாக இருந்தது. அப்படிப்பட்ட படலம் காசைக் காக்கும் என்று படித்திருந்ததால், அப்படியே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். எங்கள் வீடு மண்டபத்தில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள் உறையைத் திறந்தபோது, பிறையும் அச்சுப் பதிவும் சந்திக்கும் பள்ளத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது. குச்சியால் தொட்டால் மாவைப்போல உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஊசி முனை அளவுக் குழி. நாணயம் சேர்ப்பவர்கள் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான். இந்தக் காசில் நூற்றுக்கு 95 பங்கு செம்பு, மீதி வெள்ளீயமும் துத்தநாகமும். கடல் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து படலத்துக்கு அடியில் மெழுகு போலத் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் பச்சைப் பொடியாக மாறி, அந்த மாற்றத்தில் வெளிப்படும் அமிலம் மறுபடி செம்பைத் தின்கிறது. களிம்பு செம்போடு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். என் காசின் களிம்பு வெளியிலிருந்து வந்தது, ஆனாலும் அதே பிடிவாதம். உறையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்க வேண்டும். நெகிழ்வான பிவிசி உறைகள் நாளடைவில் அமிலம் கக்கிச் செம்புக் காசில் பிசுபிசுப்பான பச்சையை உண்டாக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்ச்சா போயிரும், குத்துவிளக்கு போகலையா?" என்றார். கொசுறுக் காசு ஒன்றைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பச்சை போய்ப் புதுச் செம்பு நிறத்தில் பளபளத்தது. கூடவே அரசரின் காதும் முடியும் மழுங்கிவிட்டன. மூன்றாம் வாரம் அதே காசில் முன்னைவிட அதிகமாகப் பொடி பூத்தது. புளி மேலே இருக்கும் படலத்தைக் கரைக்குமே தவிர, உள்ளே இருக்கும் உப்பை வெளியே எடுக்காது.

உப்பை எடுக்கப் பொறுமையான வழி ஒன்றுதான் எனக்கு எட்டியது. மதுரையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் வாங்கி, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் முதலாவது 28 கிராமும் இரண்டாவது 22 கிராமும் கரைத்து, காசை நூலில் கட்டிக் கண்ணாடிக் குப்பிக்குள் தொங்கவிட்டேன். கிணற்று நீரை நினைத்தும் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர்க் கிணற்றிலேயே உப்பு இருக்கிறது. வாரம் ஒருமுறை கரைசலை மாற்றினேன். சிறிது செம்பும் கரைவதால் நீர் இளநீலமாகும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை, ஆனால் கணக்கில்லாமல் ஊறவிடவும் கூடாது. பதினோரு வாரத்துக்குப் பின் வெறும் வடிநீரில் பல முறை அலசி, கடைசி அலசல் நீரைக் கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் மைத்துனரிடம் கொடுத்தேன். நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டபோது நீர் வெண்மையாகக் கலங்கவில்லை, அதாவது அதில் உப்பு தெரியவில்லை என்று சொன்னார். அதன்பின் அசிட்டோனில் முக்கி ஈரம் நீக்கி, செம்பில் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோலை எத்தனாலில் 3 சதவீதமாகக் கரைத்து, அதில் ஒரு நாள் வைத்தேன். அது தோலில் படக்கூடாத பொருள், கையுறை அவசியம்.

இழப்பும் இருந்தது. பிறை ஓரத்தில் உலோகம் பிதுங்கிய நுண்கோடுகள் படலத்தோடு சேர்ந்து கொஞ்சம் போயின. அந்தக் கோடுகள்தான் காசு உண்மையாகவே நாணயச்சாலையில் இப்படி அடிபட்டது என்பதற்குச் சாட்சி. அரிப்பும் அங்கேதான் கைவைத்தது, வைத்தியமும் அங்கேதான் கைவைத்தது. எடை 4.58 கிராமாகக் குறைந்தது.

2018 முதல் காசு பாலியெஸ்டர் உறையில், இறுக மூடும் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பையோடு இருக்கிறது. கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானி. கார்த்திகையில் அறைக்குள் 80 சதவீதம் காட்டும்போது டப்பாவுக்குள் 35-க்குக் கீழே நிற்கும். 42-ஐத் தாண்டவிடுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நீல ஜெல் வெளிர்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள்; சமையலுக்குப் புழங்காத இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும். அந்த நீலத்தில் கோபால்ட் இருப்பதால் இப்போது ஆரஞ்சு நிற வகைக்கு மாறிவிட்டேன்.

2020-இல் ஊரடங்கின்போது மதுரையில் சகோதரி வீட்டில் மாட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஜெல்லை மாற்ற முடியவில்லை. திரும்பி வந்தபோது ஆண்டு எண்ணின் காலடியில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. மறுபடி நான்கு வாரம் ஊறல். அதற்குப் பின் இன்றுவரை பொடி இல்லை. இரண்டாவது கொசுறுக் காசை எதுவும் செய்யாமல் தீப்பெட்டியில் வைத்திருந்தேன். அதில் இப்போது ஆண்டைப் படிக்க முடியாது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காசு 900, மருந்துகள் 640, டப்பாவும் மானியும் 750, ஆக 2,290 ரூபாய். சென்ற ஆண்டு மதுரையில் ஒரு வியாபாரி 1,200 கொடுப்பதாகச் சொன்னார். அரித்த காசுக்கு அது குறைந்த விலை அல்ல. பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்னும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. இந்தக் கடற்கரையில் குடியிருந்துகொண்டு பிழைக் காசு சேர்க்க விரும்புவோர், 1988-க்குப் பின் வந்த எஃகுக் காசுகளில் அச்சு விலகியதைத் தேடுவது நல்லது. அதற்கு இத்தனை பணிவிடை தேவைப்படாது. செம்பில்தான் வேண்டும் என்பவர்கள், கரும்பச்சையும் கெட்டியுமான காசாகப் பார்த்து, வாங்கிய அன்றே ஊறலில் போடுங்கள்; மழைக்குக் காத்திருந்தது என் தவறு.

போன மாதம் சங்குக் கடைக்காரர் மறுபடி அழைத்து, இதைவிடப் பெரிய பிறை உள்ள காலணா ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். தராசோடு போனேன். 3.9 கிராம், ஓரத்தில் கடித்து எடுத்ததுபோல் வளைவு, மிச்சமிருந்த பதிவு நடுவில் சரியாகவே இருந்தது. வில்லை வெட்டும்போதே ஓரம் போன காசு அது, அச்சு விலகியது அல்ல. 2,500 ரூபாய் கேட்டார். டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.