பட்டம் வந்த பிறகு எந்தப் பெயர்? ஆக்ஸ்ஃபோர்டு வாழ்க்கை வரலாற்று அகராதி: பயன்படுத்துவோர் பார்வையில் ஒரு மதிப்பீடு

1956இல் சூயஸ் நெருக்கடியில் சிக்கிய பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன். 1961இல் அவர் ஏர்ல் ஆஃப் ஏவன் என்ற பிரபுப் பட்டம் பெற்றார். அவரை அகராதியில் ஈடன் என்று தேடுவதா, ஏவன் என்று தேடுவதா? பிரிட்டிஷ் அரசியலைப் பற்றி எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், பெயரடைவு தயாரிக்கிறவர் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. இதற்கு நோக்கு நூல்கள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. அவற்றில் 2004இல் 60 தொகுதிகளாகவும் இணையத்திலும் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி எப்படி உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்பதைப் பார்ப்போம்.

இதன் விதி எளியது. எவ்வளவு பெரிய பட்டம் வந்தாலும் தலைப்பு குடும்பப் பெயரில்தான் தொடங்கும். பட்டம் கடைசியில் வரும். ஈடனின் தலைப்பைப் பாருங்கள்: 'ஈடன், (ராபர்ட்) ஆண்டனி, முதல் ஏர்ல் ஆஃப் ஏவன்'. பிறை அடைப்புக்குள் இருப்பது வைக்கப்பட்டும் வழங்காத பெயர். தாட்சருக்குச் சதுர அடைப்புக்குள் ராபர்ட்ஸ் என்ற பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதமர் டிஸ்ரேலிக்கு 'ஏர்ல் ஆஃப் பீக்கன்ஸ்ஃபீல்டு' என்று மட்டும் இருக்கும், 'முதல்' இருக்காது. அந்தப் பட்டம் அவரோடு முடிந்துவிட்டது, இரண்டாமவர் இல்லை என்று அதற்குப் பொருள். ஒரே வரியில் இவ்வளவு சொல்லும் தலைப்பு அரிது.

அரசியல்வாதிகளுக்கு இந்த விதி சரி என்பதே எங்கள் கருத்து. பெரும்பாலானோருக்குப் பட்டம் வேலை முடிந்த பிறகு வருகிறது. பிரதமராக இருந்த வால்போல் பதவி இழந்த 1742இல்தான் ஏர்ல் ஆஃப் ஆர்ஃபர்டு ஆனார். மேக்மில்லன் 1963இல் பிரதமர் பதவியை விட்டார், ஏர்ல் ஆஃப் ஸ்டாக்டன் ஆனதோ 1984இல். பட்டத்தின் பெயரில் வரிசைப்படுத்தினால் தேடுகிறவருக்குக் கிடைக்கவே மாட்டார்கள். வாழ்பவர்களுக்கான 'ஹூ'ஸ் ஹூ' ஆண்டு நூல் அப்படித்தான் பட்டத்தின் கீழ் வரிசைப்படுத்துகிறது. பட்டம் கிடைத்த மறு பதிப்பில் ஆள் வேறு எழுத்துக்குப் போய்விடுவார்.

அரசியல்வாதி குவின்டின் ஹாக்கின் பதிவு இந்த விதியின் அருமையைக் காட்டும். 1938இல் ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். 1950இல் தந்தை இறந்ததும் இரண்டாம் வைகவுண்ட் ஹெயில்ஷம் ஆனார், பிரபுக்கள் மக்களவையில் இருக்க முடியாது என்பதால் மக்களவை இடம் போயிற்று. 1963இல் வந்த பிரபுப்பட்டச் சட்டத்தைப் பயன்படுத்திப் பட்டத்தைத் துறந்தார், செயின்ட் மேரிலபோன் தொகுதியில் வென்று மறுபடி மக்களவைக்கு வந்தார். 1970இல் வாரிசுக்குப் போகாத ஆயுட்காலப் பட்டத்தோடு மீண்டும் பிரபுக்கள் அவை. 1945இல் ஹாக், 1955இல் ஹெயில்ஷம் பிரபு, 1965இல் மறுபடி ஹாக், 1975இல் மறுபடி ஹெயில்ஷம் பிரபு. குடும்பப் பெயர் ஒன்றுதான் கடைசிவரை மாறாமல் நின்றது.

இந்த விதி தோற்பது, பெரிதும் பட்டத்தாலேயே அறியப்பட்டவர்களிடம். பின்னாளில் பிரதமரான பாமர்ஸ்டன் 1802இலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். அது அயர்லாந்துப் பட்டம் என்பதால் 1807 முதல் 1865இல் இறக்கும்வரை மக்களவையிலேயே இருக்க முடிந்தது. அவரை 'டெம்பிள், ஹென்றி ஜான்' என்று யார் தேடுவார்கள்? மெல்பர்ன் 'லேம்' என்பதன் கீழும், வெலிங்டன் 'வெல்லஸ்லி' என்பதன் கீழும் இருக்கிறார்கள். பட்டப் பெயரில் தேடினால் 'இந்தப் பட்டப் பெயருக்கு இன்னாரைக் காண்க' என்ற குறிப்பு வழிகாட்டுகிறது, அது ஆறுதல். கட்டுரைக்குள்ளே அவரைப் பாமர்ஸ்டன் என்றுதான் அழைக்கிறார்கள். அப்படி அழைப்பவர்கள் தலைப்பையும் அதிலேயே வைத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை இரட்டைக் குடும்பப் பெயர்கள். கடைசிச் சொல்லைத்தான் தலைப்பாக எடுப்பார்கள். டக்ளஸ்-ஹோம் 'ஹோம்' ஆவார். லாயிட் ஜார்ஜ் 'ஜார்ஜ், டேவிட் லாயிட்' ஆவார். அவருடைய தந்தை வில்லியம் ஜார்ஜ் என்பதால் அது பிழையல்ல. ஆனால் தலைப்பை அப்படியே மேற்கோள் மென்பொருளில் ஏற்றினால், அடிக்குறிப்பில் வெறும் 'ஜார்ஜ்' என்று வந்து நிற்கும். கையால் திருத்தியே ஆக வேண்டும்.

தலைப்பில் பட்டத்துக்குத் தேதி இல்லாததுதான் உண்மையான குறை. சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். வில்லிங்டனின் தலைப்பில் 'முதல் மார்க்வெஸ்' (ஏர்லுக்கு மேற்பட்ட நிலை) என்று இருக்கும். அவர் சென்னை ஆளுநராக இருந்தது 1919 முதல் 1924 வரை. மார்க்வெஸ் ஆனது 1936இல். 1920ஆம் ஆண்டுப் படத்தின் கீழ் மார்க்வெஸ் என்று எழுதினால் தவறு. கன்னிமாரா நூலகத்தின் பெயருக்குரியவர் ராபர்ட் பூர்க் என்ற மக்களவை உறுப்பினர். 1886இல் ஆளுநராக வந்தபோது அவர் பூர்க்தான், கன்னிமாரா பிரபு ஆனது அடுத்த ஆண்டு. ரிப்பன் கட்டடத்தின் ரிப்பனும், 1827இல் பிரதமரான அவருடைய தந்தையும் இருவருமே ரிப்பன் பிரபுக்கள். குடும்பப் பெயரும் ஒன்றே: ராபின்சன். இங்கே முன்பெயரும் பட்டநிலையும்தான் பிரித்துக் காட்டும். மகன் ஜார்ஜ், மார்க்வெஸ். தந்தை ஃபிரெடரிக், ஏர்ல்.

ஆகவே இந்த அகராதியைத் தனியாக நம்பாமல் மூன்று படிகளில் பயன்படுத்துங்கள். முதலில் இதில் ஆளை உறுதி செய்யுங்கள். அடுத்து பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பு இதழான லண்டன் கெசட்டில் பட்டம் வழங்கிய தேதியைப் பாருங்கள். பட்டம் அறிவிக்கப்பட்ட நாளும் அரச ஆணை முத்திரையிடப்பட்ட நாளும் வேறு, கணக்கில் வருவது இரண்டாவது. பிறகு ஹான்சார்டு நாடாளுமன்றப் பதிவில், நீங்கள் எழுதும் நிகழ்வின் நாளில் அவர் எந்தப் பெயரில் பேசினார் என்று சரிபாருங்கள். கட்டுரைக்குள் அந்த நாளின் பெயர், பெயரடைவில் அகராதியின் பெயர்.

கெசட் அறிவிப்பில் காற்புள்ளியைக் கவனியுங்கள். முன்னாள் பிரதமர் காலகனின் 'பரோன் காலகன் ஆஃப் கார்டிஃப்' (பரோன் என்பது பிரபுப் பட்டங்களில் கடைநிலை) என்பதில் கார்டிஃப் காற்புள்ளிக்கு முன்னால் வருகிறது, அது பட்டத்தின் பகுதி. தாட்சருக்கு 'கெஸ்டிவன்' காற்புள்ளிக்குப் பின்னால் வருகிறது, அது வெறும் இடக்குறிப்பு. அவர் பரோனஸ் தாட்சர் மட்டுமே. அகராதி இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

தமிழில் எழுதும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பரோன் என்பதைப் 'பேரன்' என்று எழுதாதீர்கள், மகனின் மகன் என்று படித்துவிடுவார்கள். முன்பெயரோடு 'லார்ட்' வந்தால், லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில் போல, அது டியூக் அல்லது மார்க்வெஸின் இளைய மகனுக்கு மரியாதைக்கு வழங்குவது. அவர் மக்களவை உறுப்பினர்தான், 'சர்ச்சில் பிரபு' என்று எழுதக் கூடாது.

இறந்தவர்களுக்கு மட்டுமே இந்த அகராதியில் இடம் உண்டு, அதுவும் சில ஆண்டுகள் கழித்து. 2023இல் பிரபுவான டேவிட் கேமரனுக்கு நாடாளுமன்ற இணையதளத்தைத்தான் பார்க்க வேண்டும். முழுக் கட்டுரைக்குச் சந்தா தேவை. பிரிட்டனில் பல பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணை வைத்து வீட்டிலிருந்தே நுழையலாம். சந்தா இல்லாவிட்டாலும் தலைப்பு வரி கண்ணில் படும். பெயரடைவுக்கு அந்த ஒரு வரி போதும்.