யாழ்ப்பாணத்து மாரிக்கு ஜப்பான் பனி ரயரா, புதுச் சாதாரண ரயரா?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் மறுபடி எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருக்கின்றன. ஹொக்கைடோ போன்ற பனி விழும் இடத்தில் ஓடி, குளிர்காலத்தில் ஏலத்துக்கு வந்த கார் என்றால் பனிக்கால ரயரோடேயே இங்கே வந்து இறங்கும். நாங்கள் எடுத்த வாகன்ஆர் அப்படி வந்ததுதான். நாலு ரயரிலும் தவாளிப்பு, அதாவது ரயரில் வெட்டியிருக்கும் பள்ளம், நல்ல ஆழம். "மாரிக்கு இதைவிட என்ன வேணும், கழட்டாதேங்கோ" என்றார்கள் கராஜில். நான் கழட்டிவிட்டு, புதுச் சாதாரண ரயர் போட்டேன்.

காசைப் பார்த்தால் பனி ரயருக்குத்தான் வெற்றி. அது காரோடு சும்மா வந்தது. மற்றது நாலும் சேர்ந்து கையைக் கடிக்கும். இரைச்சலில் சாதாரண ரயர் நல்லம். பெற்றோல் செலவில் வித்தியாசம் இருக்கும் என்கிறார்கள், நான் கணக்கு வைத்துப் பார்க்கவில்லை. இவை எல்லாம் சில்லறை விஷயம். என்னை முடிவெடுக்க வைத்தது ஈர வீதியில் பிறேக் பிடிக்கும் விதம்.

பனி ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழேயும் இறுகாமல் மெதுமையாக இருக்கவென்று செய்தது. யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் 30ஐத் தொடும் வீதியில் அந்த இறப்பர் தேவைக்கு மேல் இளகிவிடும். அதோடு, அந்த ரயரில் தவாளிப்புகளுக்கு இடையே நிற்கும் இறப்பர்க் கட்டைகள் முழுக்க பிளேட்டால் கீறிவிட்ட மாதிரி மெல்லிய வெட்டுகள். பிறேக்கை அமத்தும்போது இளகிய கட்டைகள் வீதியை இறுக்கிப் பிடிக்காமல் வளைந்து கொடுக்கும். கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும்.

"தவாளிப்பு ஆழமாக இருக்கிறதே, தண்ணி போகாதோ?" என்று கேட்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. ஐஸில் சறுக்க வைப்பது அதன் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம். அந்தப் படலத்தை உறிஞ்சி விலக்கத்தான் அந்த மெல்லிய வெட்டுகள். ஐப்பசி கார்த்திகையில் ஏ9 வீதியில் கொட்டுகிற மழை படலம் அல்ல, தேங்கி நிற்கிற தண்ணீர். அதைத் தள்ளிவிட ரயரைச் சுற்றிவர அகலமான, நேரான தவாளிப்பு வேண்டும். கட்டையும் உறுதியாக நிற்க வேண்டும். சாதாரண ரயர் அதற்கென்றே செய்தது. ஆழத்தை மட்டும் பார்த்து மழைக்கு நல்லம் என்று சொல்லிவிட முடியாது.

பனி ரயரோடு முதல் மழையில் பலாலி வீதியில் ஓடியபோது, சாதாரணமாகப் பிறேக் பிடித்ததற்கே ஏபிஎஸ் (சில்லு பூட்டிச் சறுக்காமல் தடுக்கும் பிறேக் ஏற்பாடு) அதிரத் தொடங்கியது. ஸ்ரியரிங் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும். புது ரயரில் அந்தத் தயக்கம் இல்லை. நாடா பிடித்து அளந்து சொல்லவில்லை, கையிலும் காலிலும் பட்டதைச் சொல்கிறேன். பாரமான வாகனத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது.

மொன்றியலில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அங்கே கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை பனி ரயர் கட்டாயம், சட்டமே இருக்கிறது. ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை; போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு. மச்சானைப் பொறுத்தவரை பனி ரயர் இல்லாத குளிர்காலம் தற்கொலைக்குச் சமம். ஆனால் அவரே வெயில் வந்தவுடன் கழட்டி அடுக்கிவிடுவார், வெயிலில் ஓடினால் சோப்புக்கட்டி போலத் தேயும் என்று. அங்கே வசந்தத்தில் கழட்டுகிறதை நாங்கள் சித்திரை வெயிலிலும் ஓடுவோமா? எங்கள் தீவில் நுவரெலியாவில்கூட உறைபனிதான் எப்போதாவது விழும்.

சரி, உடனே மாற்றக் காசு இல்லை என்றால்? ரவுணுக்குள் மெதுவாக ஓடுகிற கார் என்றால் கோடையை அதிலேயே ஓட்டிவிடலாம், மாரிக்கு முன் மாற்றினால் போதும். பரந்தன், வவுனியா என்று அடிக்கடி தூரம் ஓடுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நகரத்துக்கு வெளியே கார்களுக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் நனைந்த கார்ப்பெட் வீதியில் மாடு குறுக்கே வந்தால் தெரியும்.

கார் பார்க்கப் போகிறவர்கள் ரயரின் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். மலைக்குள் பனித்துகள் படமோ ஸ்ரட்லெஸ் (STUDLESS) என்ற எழுத்தோ இருந்தால் பெரும்பாலும் அது பனி ரயர்தான். விலை பேசும்போது புது ரயர்க் காசைக் கழித்துப் பேசலாம். ரயர் செய்த நாலு இலக்கத் திகதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். புது ரயர் வாங்கும்போதும் அதே இலக்கத்தைப் பாருங்கள். கடையில் வருடக்கணக்காகக் கிடந்ததையும் புதுசு என்றுதான் தருவார்கள்.

கழட்டிய நாலில் ஒன்றை வைத்திருக்கிறேன். எங்கள் வாகன்ஆரோடு ஸ்பெயார் வரவில்லை, பஞ்சர் மருந்து மட்டும்தான். பொருந்துகிற றிம் ஒன்று கிடைத்தால், கராஜ் மட்டும் போய்ச் சேர அது காணும்.