நிறுவன நிதியில் வரும் கடலோர ஆர்.ஓ. குடிநீர் நிலையம்: எந்திரம் நன்று, ஏற்பாடு பாதி

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் குடிதண்ணீர்ப் பேச்சு வராமல் இருக்காது. கடலை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகள் (போர்கள்) பலவற்றில் உப்பு ஏறிவிட்டது. அதற்கு மருந்தாக வந்திருப்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில், எல்லாரும் சொல்வதுபோல் சிஎஸ்ஆர் பணத்தில், அமையும் ஆர்.ஓ. நிலையம், அதாவது தண்ணீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் நிலையம். நிறுவனம் எந்திரம் தரும். ஊராட்சி போரும் மின் இணைப்பும் தரும். தேவாலயப் பங்குப்பேரவையோ ஊர்க் கமிட்டியோ மகளிர் சுயஉதவிக் குழுவோ நடத்தும். நாணயம் போட்டால் 20 லிட்டர் கேன் நிறையும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் ஊருக்கு இப்படி ஒன்று வருகிறதென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுக்காதீர்கள். இந்த நிலையங்கள் பூட்டிக் கிடப்பதற்கு எந்திரக் கோளாறு காரணமாவது குறைவு. இது யார் வேலை என்று எழுதி வைக்காத சின்னச் சின்ன வேலைகளே பெரும்பாலும் காரணம்.

ஓர் ஊருக்கு வழக்கமாக வைப்பது மணிக்கு 1,000 லிட்டர் தரும் நிலையம். மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி, படிவு கட்டாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து சொட்டும் சிறு பம்பு, நுண்தூசு பிடிக்கும் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ், உயர் அழுத்த பம்பு, 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட நான்கு மெம்பரேன்கள் (சவ்வுக் குழல்கள்), கடைசியில் கிருமி கொல்லும் யூவி விளக்கு. போரிலிருந்து 2,000 லிட்டர் இழுத்தால் பாதி நல்ல தண்ணீர், பாதி கழிவு. 8 மணி நேரம் ஓட்டினால் 400 கேன் கிடைக்கும். இந்த அளவு ஒரு நடுத்தர ஊரின் குடிக்கும், சமைக்கும் தேவைக்குப் போதும்.

ஆன்டிஸ்கேலன்ட் மருந்துக் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால், நாளுக்கு 16,000 லிட்டர் உள்ளே போகும் நிலையத்துக்கு 64 கிராம், மாதம் ஏறக்குறைய 2 கிலோ. மருந்து தீர்ந்துபோனாலும் தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கொஞ்ச நாளில் மெம்பரேனில் சுண்ணாம்புப் படிவு கட்டி, வரத்து குறையும். ஆபரேட்டர் கழிவு வால்வை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவார். வரத்து ஒரு வாரம் கூடியதுபோல் தெரியும், உள்ளே படிவு இன்னும் வேகமாகக் கட்டும். இரண்டு மூன்று வருடம் உழைக்க வேண்டிய மெம்பரேன் ஒரு வருடத்துக்குள் போய்விடும்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். புதியது வெள்ளை வெளேரென்று இருக்கும். துருநிறம் ஏறியிருந்தால் போரில் இரும்பு அதிகம். அதற்குத் தனி வடிகட்டி வேண்டும். கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால் கார்பன் உதிர்கிறது. தொட்டால் வழுவழுப்பு இருந்தால் கிருமி பிடித்திருக்கிறது. மாதம் ஒருமுறை இதைக் கழற்றி, தேதி போட்டு ஒரு படம் எடுத்து மூன்று தரப்பும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். செலவில்லாத கண்காணிப்பு.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை நாள்காட்டியில் இருக்கிறது. நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமென்று ஜனவரியில் ஓடி வருவார்கள். தண்ணீர் மாதிரி எடுப்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு. போரில் உப்பு குறைந்திருக்கும் நேரம் அது. அறிக்கையில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் மில்லிகிராம் அளவு, 1,200 என்று வந்தால் அதற்கேற்ற பம்பும் மெம்பரேனும் வைப்பார்கள். மே மாதம் அதே போரில் 3,000 ஆனால், அந்தப் பம்பின் அழுத்தம் போதாது. தண்ணீர் கரிக்கிறது என்று ஊர் சொல்லும், எந்திரம் சரியில்லை என்று பஞ்சாயத்து சொல்லும், மாதிரி அறிக்கை சரிதானே என்று நிறுவனம் சொல்லும். மூவரும் சொல்வது உண்மைதான். மே மாதத்தில் ஒரு மாதிரி, மழைக்குப் பின் ஒரு மாதிரி, இரண்டும் இல்லாமல் எந்திரத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது.

அந்த மார்ச் அவசரம் சட்டப்படி தேவையே இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. தொடர் திட்டம் என்று பதிவு செய்தால், தொடங்கிய ஆண்டைத் தவிர இன்னும் மூன்று நிதியாண்டுகள் நடத்தலாம். மிச்சப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்ற தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். ஆகவே பேச்சுவார்த்தையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தொடர் திட்டமாக எடுத்தால் ஒரு மே மாதத்தையும் பார்க்கலாம், மூன்று வருடப் பராமரிப்பும் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது எந்திரம் யாருடையது என்பது. 2021இல் திருத்திய விதிகளின்படி, சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. சிஎஸ்ஆர் பதிவு எண் உள்ள அறக்கட்டளை அல்லது சங்கம், பயனாளிகளின் சுயஉதவிக் குழு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். நம் கடற்கரையில் இடம் கோயிலுடையதாக, போர் பஞ்சாயத்துடையதாக, எந்திரம் எங்கோ உள்ள அறக்கட்டளையுடையதாக இருப்பதும் உண்டு. அப்போது பம்பு எரிந்தால் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எந்திரம் ஊராட்சிப் பெயரில், நடத்தும் உரிமை மகளிர் குழுவுக்கு, இடத்துக்குக் குறைந்தது பத்து வருட எழுத்து ஒப்பந்தம் என்பதே எங்கள் பரிந்துரை.

கேன் விலை 5 ரூபாய் என்றால் அதில் 1 ரூபாயை மெம்பரேன் கணக்கில் தனியே போடுங்கள். நாளுக்கு 100 கேன் போனால் மாதம் 3,000, இரண்டு வருடத்தில் 72,000. இலவசமாகத் தருகிறோம் என்று வரும் நிறுவனத்திடம் இந்த ஒரு ரூபாயை விடாதீர்கள். இலவச நிலையத்துக்கு இரண்டாவது மெம்பரேன் வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரை நேராக ஆர்.ஓ.வுக்கு விடுவதும் வழக்கமான தவறு. குளோரினைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி செத்திருந்தால், பவுடரின் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். வருடம் ஒருமுறை கார்பனை மாற்றுங்கள். யூவி விளக்கும் அப்படித்தான். நீல வெளிச்சம் தெரிந்தாலும் ஒரு வருடத் தொடர் ஓட்டத்துக்குப் பின் கிருமியைக் கொல்லும் வலு இருக்காது. கையில் பேனா போலிருக்கும் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. மாதம் ஒருமுறை கிருமிச் சோதனைக்கான ஹெச்2எஸ் குப்பியில் தண்ணீர் பிடித்து வையுங்கள், கறுத்தால் விற்பனையை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள்.

கழிவுத் தண்ணீரைப் போருக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி விட்டால் எடுத்த உப்பு திரும்ப அதே போருக்கு வரும். வலை அலச, கழிப்பறைக்கு என்று தனிக் குழாய் இழுங்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் துருப்பிடித்து உதிரும், நாணயப் பெட்டியின் சர்க்யூட் போர்டு பச்சை பூக்கும். உப்புக் காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டீல் கேளுங்கள், போர்டுக்கு மூடிய பெட்டி கேளுங்கள். 2017 ஒக்கி புயலுக்குப் பின் மாவட்டத்தில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போனதை நினைத்து, ஜெனரேட்டர் இணைக்கும் வசதியும் கேளுங்கள்.

போரின் டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள உள்நாட்டு ஊர்களுக்கு இந்த எந்திரமே வேண்டாம். அங்கே மணல் வடிகட்டியும் குளோரினும் போதும், பாதித் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை.

சிஎஸ்ஆர் சட்ட வரம்புக்குள் வராத ஐஸ் பிளான்ட், முந்திரி ஆலை, ரப்பர் தொழிற்கூடம் நடத்துபவர்களையும் விட்டுவிடாதீர்கள். பெரிய நிறுவனம் எந்திரம் தரலாம். இரவில் பம்பு நின்றால் ஓடிவர எலக்ட்ரீசியனும் ஃபிட்டரும் இவர்களிடம்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் நான்காவது கையெழுத்தாக இவர்களைச் சேர்க்கலாம்.

மார்ச் 22 உலக தண்ணீர் தின கிராமசபையில் நிலையத்தின் வரவு செலவு, மெம்பரேன் கணக்கின் இருப்பு, கடைசி ஹெச்2எஸ் முடிவு, மே மாத டிடிஎஸ் ஆகிய நான்கையும் வாசிக்கச் சொல்லுங்கள். குளச்சல் போன்ற நகராட்சிப் பகுதிகளில் கிராமசபை கிடையாது, அங்கே இதே கேள்விகளைப் பகுதி சபையில் கேட்கலாம்.