சாம்சனா, 434-ஆ, சீஃப்டனா? ராணுவம் கழித்த மீட்பு வண்டிகள் குறித்து ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் ராணுவம் கழித்துவிட்ட சங்கிலித்தட வண்டிகளைத் தனியார் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவற்றில் போர் டாங்கியைவிட, புதைந்த அல்லது பழுதான வண்டிகளை இழுத்து மீட்கும் மீட்பு வண்டியை வாங்குவது சிக்கல் குறைந்தது. டாங்கியின் பீரங்கியைச் செயலிழக்கச் செய்து அதற்குச் சான்றும் பெற்றாக வேண்டும். மீட்பு வண்டிக்கோ பீரங்கியே இல்லை. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வின்ச் (இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) எத்தனை டன் இழுக்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்த வண்டியையே வீடுவரை எதில் ஏற்றிச் செல்வது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

இழுவைத் திறனை மட்டும் பார்த்தால் சீஃப்டன் மீட்பு வண்டிக்கு எஃப்வி434, சாம்சன் ஆகிய மற்ற இரண்டும் ஈடாகாது. அதன் முதன்மை வின்ச் 30 டன் இழுக்கும்; முன்பக்கத் தகட்டை மண்ணில் ஊன்றிக் கப்பிகளையும் பூட்டினால் அது 90 டன் வரை போகும். ஆனால் வண்டியே 50 டன்னுக்கு மேல் எடையுள்ளது. பிரிட்டனில் மொத்த எடை 44 டன்னையோ அகலம் 2.9 மீட்டரையோ தாண்டும் சுமை வழக்கத்துக்கு மாறான சுமையாகக் கருதப்படுவதால், சீஃப்டனை ஒரு கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குக்கூடக் கனரக டிரெய்லரும், காவல்துறைக்கு முன்னறிவிப்பும், அதற்கேற்ற செலவும் ஒவ்வொரு முறையும் தேவைப்படும். லேலண்ட் எல்60 எஞ்சின் தனிக் கதை. ஆறு சிலிண்டர்களில் பன்னிரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக இயங்கும் இந்த இருவீச்சு எஞ்சின் கசிவுக்கும் புகைக்கும் ராணுவத்திலேயே பேர்போனது. முழுப் பட்டறையும் அதில் கைதேர்ந்த ஆட்களும் இல்லாதவர் இதை வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமம்.

எஃப்வி434 இதற்கு நேர்மாறானது. இதை மீட்பு வண்டி என்பதைவிடப் பழுதுபார்ப்பு வண்டி என்பதே பொருந்தும். களத்தில் பிற வண்டிகளின் எஞ்சின்களைக் கிரேனால் தூக்கி மாற்றுவதுதான் இதன் வேலை. எடை ஏறத்தாழ 17.5 டன். அகலம் 2.84 மீட்டர், அதாவது வரம்புக்கு ஆறு சென்டிமீட்டர் குறைவு. அந்த ஆறு சென்டிமீட்டரால் உரிமையாளருக்கு மிச்சமாகும் அலைச்சல் கொஞ்சமல்ல. ரோல்ஸ் ராய்ஸ் கே60 எஞ்சினும் எதிரெதிர் பிஸ்டன் வகைதான், ஆனால் சிறியது, 240 குதிரைத்திறன் கொண்டது. ஆயிரக்கணக்கில் உற்பத்தியான எஃப்வி432 துருப்பு வண்டியிலும் இதே எஞ்சின்தான் என்பதால், உதிரிபாகங்களுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கிரேனைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் தூக்கும் கருவிகளுக்கான 1998ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும், தகுதியுள்ளவரைக் கொண்டு ஆண்டுதோறும் முறையாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது எஃப்வி106 சாம்சனை. 1978இல் பணிக்கு வந்த இந்த அலுமினிய வண்டி ஏறக்குறைய 8.7 டன் எடையே கொண்டது. நடுத்தர லாரி ஒன்றே இதைச் சுமந்து செல்லும். தொடக்கத்தில் இதில் இருந்தது ஜாகுவாரின் 4.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பழைய ஜாகுவார் கார்களில் கைவைத்துப் பழகிய மெக்கானிக் எவருக்கும் இது புதிராக இருக்காது. பின்னாளில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டவையும் உண்டு. எரிபொருள் செலவை எண்ணினால் அவையே மேல். பின்பக்க ஊன்றுதகடுகளை மண்ணில் இறக்கி, கப்பிகளின் துணையோடு 12 டன் வரை இழுக்கலாம். புதைந்த டிராக்டரையோ ராணுவ லாரியையோ கரையேற்ற இது போதும், சீஃப்டனை அசைக்கப் போதாது. சந்தையில் கிடைப்பதுதான் சற்றுக் கடினம்: 2022இன் பிற்பகுதியில் உக்ரைனின் அறக்கட்டளை ஒன்று பொதுமக்கள் தந்த நிதியைக்கொண்டு சாம்சனோடு ஒரே அடிப்படை வடிவமைப்பைப் பகிரும் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளை ஐம்பதுக்கும் மேல் பிரிட்டனிலிருந்து வாங்கிச் சென்றது.

சாலையில் ஓட்டுவதற்கான விதிகள் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒன்றே. சங்கிலித்தட வண்டிகளுக்கான எச் பிரிவு உரிமம் தேவை. சாலையைக் கிழிக்காதபடி தடங்களின் ரப்பர் பட்டைகள் தேய்ந்துபோகாமல் இருக்க வேண்டும். நாற்பது ஆண்டைக் கடந்த வண்டிக்கு விண்ணப்பித்தால் சாலை வரி விலக்கு கிடைக்கும்.

சாம்சனைப் பார்க்கப் போகிறவர் எஞ்சின் ஓசையில் மயங்கிவிடாமல், வின்ச்சில் சுற்றியுள்ள 229 மீட்டர் இரும்பு வடத்தைக் கடைசிச் சுற்றுவரை வெளியே இழுக்கச் சொல்ல வேண்டும். மேல்சுற்றுகள் அடிக்கடி பயன்பட்டு எண்ணெய் கண்டிருக்கும். அடிச்சுற்றுகளில் ஈரம் தங்கித் துரு பிடித்திருக்கலாம், இழைகள் அறுந்திருக்கலாம். முழு இழுவையில் அறுந்த வடம் சாட்டைபோலத் திரும்பி வீசி ஆளையே கொன்றுவிடும். விற்பவர் அதற்கு உடன்படவில்லையென்றால், புது வடத்தின் விலையைக் கழித்துக்கொண்டே பேரத்தைத் தொடங்கலாம்.