பழைய ஜீப்பின் இண்டிகேட்டர்: பிளாஷரை வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய ஜீப்பில் இண்டிகேட்டர் எரியவில்லை என்று சொன்னால் போதும், உதிரிபாகக் கடைக்காரர் உடனே விளக்கைச் சிமிட்டவைக்கும் சிறு கருவியான பிளாஷர் ஒன்றை எடுத்து நீட்டுவார். விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம். மாற்றிய அன்று ஒழுங்காகச் சிமிட்டும். அடுத்த மழைக்குப் பழையபடி நின்றுவிடும். இந்த வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: கோளாறு பிளாஷரில் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது மின்சாரம் விளக்கிலிருந்து பாட்டரிக்குத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

என்னுடையது 1980களின் நடுவில் வந்த டீசல் ஜீப். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்: பாட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்போடு இணைந்திருக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் உள்ள மாந்தோப்புக்கும் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கும் போய்வருவதுதான் அதன் முதன்மையான வேலை. எப்போதாவது பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். தோப்பு மண்பாதையில் இண்டிகேட்டர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஏறிவிட்டால் கதை வேறு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, பின்னால் பாரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்க, கையை வெளியே நீட்டித் தடம் மாறுவதற்குத் துணிச்சல் போதாது, வேறு ஏதோ வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் திரும்பும் விளக்கே கிடையாது. மின்சாரமும் 6 வோல்ட்தான். அந்தக் காலச் சாலைக்கு அது போதுமானதாக இருந்தது.

என் வண்டியில் வந்த கோளாறு விசித்திரமானது. பகலில் இடது இண்டிகேட்டர் ஒழுங்காகச் சிமிட்டும். இரவில் முகப்பு விளக்கைப் போட்டால் வேகம் குறையும். அத்துடன் பிரேக்கையும் மிதித்தால் சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே நிற்கும். இதைப் பார்த்தவர்கள் பிளாஷர், ஸ்விட்ச், பாட்டரி என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டினார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் மட்டும் வண்டியைச் சுற்றிக்கூட வராமல், “பின்விளக்குக்கு எர்த் எங்கிருந்து வருகிறது தம்பி?” என்று கேட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது.

பின்விளக்குப் பெட்டியில் இண்டிகேட்டர், பிரேக், டெயில் மூன்றுக்கும் ஒரே எர்த். அதுவும் தனி வயர் அல்ல. விளக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டு வழியாகத் தகரத்துக்கும், அங்கிருந்து சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்துக்கும் போக வேண்டும். நடுவில் பெயின்ட், துரு, செம்மண். அரைகுறை எர்த் ஒரு பல்பின் மின்னோட்டத்தைத் தாங்கிவிடும். மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்திலேயே வோல்ட்டேஜ் வீணாகும். 21 வாட் பல்பு இரண்டு சேர்ந்து ஏறக்குறைய 3.5 ஆம்பியர் இழுக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது பழைய வெப்பவகை பிளாஷர். உள்ளே உள்ள உலோகப் பட்டை சூடாகி வளைந்தால்தான் சிமிட்டும். மின்னோட்டம் குறைந்தால் சூடு போதாது. பல்பு எரிந்தபடியே நிற்கும். பாவம், பிளாஷர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

சோதிப்பது எளிது. விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் மறுமுனையை பாட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். என் வண்டியில் இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. மீட்டர் இல்லையா? பாட்டரி நெகட்டிவிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து ஹோல்டரில் தொடுங்கள். உடனே பளிச்சென்று எரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

நான்கு விளக்குகளுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரில் தனித்தனி எர்த் கொடுத்து, சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வயர் முனைக்கு லக் என்னும் உலோக வளையம் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் வைத்திருப்பதால் பின்னிய செம்புப் பட்டை ஒன்றையும் இரண்டுக்கும் இடையில் சேர்த்தேன். அதன்பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அந்தக் கோளாறு திரும்பவில்லை.

அடுத்த தொல்லை எலி. ஜீப் நிற்கும் கொட்டகையில் கேழ்வரகுத் தாள் அடுக்கினால் எலி வரத்தான் செய்யும். கடித்த வயர் சேஸிஸைத் தொட்டு ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. சிலர் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அது வண்டிக்குத் தீ வைக்க முன்பணம் கொடுப்பதற்குச் சமம். நல்ல வழி வேறு இருக்கிறது. இண்டிகேட்டர் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணைத்து, ஸ்விட்ச்சைப் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மின்னோட்டம் இரண்டு ஆம்பியருக்குள் அடங்கிவிடுவதால் வயர் கருகாது. இனி வயர்க்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனால் போதும். பல்பு அணையும் இடம்தான் குற்றவாளி. என் வண்டியில் சேஸிஸ் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமும் இல்லை, எலி தன் பங்கையும் செய்திருந்தது.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். பல கைகள் மாறிய வண்டியில் பச்சை எங்கே போகிறது, சிவப்பு எங்கே வருகிறது என்பது கடைசியாகத் தொட்ட மெக்கானிக்கிடம் அன்று என்ன வயர் இருந்தது என்பதைப் பொறுத்தது.

எல்இடி பல்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் மைத்துனர் தன் ஜீப்பில் நான்கையும் மாற்றிவிட்டு, “மச்சான், இடது பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகிறதே!” என்று அழைத்தார். பழைய வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டில் ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்புதான். அதன் ஒரு முனை இடது வயரிலும் மறுமுனை வலது வயரிலும் இருக்கும். இடது எரியும்போது, வலதுபுறப் பல்புகளின் இழை வழியாகவே அதற்கு எர்த் கிடைக்கிறது. அந்தச் சிறு மின்னோட்டத்தில் 21 வாட் இழை ஒளிராது, எல்இடி ஒளிர்ந்துவிடும். டி.வி. பழுதுபார்க்கும் கடையில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இரண்டு வாங்கி, இரு பக்கத்திலிருந்தும் அந்தப் பல்புக்குக் கொடுத்து, அதன் மறுமுனையை நேராக எர்த்தில் சேர்த்ததும் சரியானது. எல்இடி குறைந்த மின்னோட்டமே இழுப்பதால், பளுவை, அதாவது பல்பு இழுக்கும் மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாத மூன்று முனை எலக்ட்ரானிக் பிளாஷரும் அதற்கு வேண்டும். பழைய பிளாஷரையே வைத்துக்கொண்டு, பளுவைக் கூட்ட ரெசிஸ்டர் (மின்தடை) வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. 6 ஓம் ரெசிஸ்டர் 24 வாட்டை வெறும் சூடாக்கி வீணடிக்கும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கையும் உருக்கும்.

என் வண்டியில் இன்றும் சாதாரணப் பல்புகள்தான். பிளாஷர் மட்டும் எலக்ட்ரானிக். பாட்டரி இறங்கியிருந்தாலும் அதன் வேகம் மாறுவதில்லை. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை, அம்பர் நிறம் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இது உதவும்.

திருப்தி இல்லாதது ஸ்விட்ச்தான். ஸ்டியரிங் தண்டில் கிளாம்ப் போட்டுப் பொருத்திய வகை. திருப்பம் முடிந்ததும் தானாகத் திரும்பாது. உள்ளே தூசி சேர்ந்தால் வலப்புறம் தொடர்பு விட்டுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து காண்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன். அணைக்க மறப்பதற்குச் சிறிய பஸ்ஸர் ஒன்று வைத்தேன். டீசல் எஞ்சின் சத்தத்தில் சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் அது காதில் விழுகிறது.